மாடிப் போர்ஷன் வாடகைக்கு

கள்ளக்குறிச்சியில் செவ்வந்திக்கு முதன்முதலாகக் கிடைத்த வாடகை வீடு சுடுகாட்டு ரோட்டில் இருந்தது. அவளுக்கும் ஆனந்தமேரிக்கும் சேர்ந்து கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருவரும் அப்போது பி.ஏ. சேர்ந்த புதிது. செவ்வந்தி கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரி. மேரி திருநாவலூர்ப் பக்கத்துக் காலனிப் பெண். மேரியின் அப்பா வாரமெல்லாம் கூலி வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன்னால் நின்று பாட்டு எடுத்துக்கொடுப்பார்.

விடுதியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மலையிலிருந்து கிளம்பும் பஸ் வளைந்து நெளிந்து கச்சிராயபாளையம் இறங்கி ஊர் வந்து சேர்வதற்குள் கல்லூரியில் பாதி வகுப்பு முடிந்துவிடும். அதனால் தினமும் சாயந்திரம் இரண்டு பெண்களும் தெருத்தெருவாக வீடு தேடிப் போனார்கள்.

யாரும் நேராகச் சாதி கேட்கவில்லை. "எந்த ஊரும்மா?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். மேரி மாதா கோயில் பக்கம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். செவ்வந்தியிடம் வந்தால்தான் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

"நீங்க இன்னா ஆளுங்க?"

"மலையாளிங்க."

"கேரளாவா? தமிழ் நல்லாப் பேசுறியே."

"இல்லீங்க, கல்வராயன் மல. எங்க ஆளுங்களுக்குப் பேரே அதான்."

"ஓ, மலையா." அந்த 'ஓ'வில் குரல் ஒரு படி இறங்கும். ஒரு வீட்டில், "சாராயம் காச்சுற எடமாச்சே" என்று அந்த வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துச் சொன்னார். செவ்வந்தியின் அப்பா சாமையும் மரவள்ளியும் போடுகிற மனிதர், வெற்றிலைகூடப் போடமாட்டார். அதை அந்தச் சுவரிடமா சொல்ல முடியும்?

திரும்பி நடக்கும்போது மேரிதான் சிரிப்பை ஆரம்பிப்பாள். வீட்டுக்காரர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, "ஓ, மலையா" என்பாள். செவ்வந்தி, "ஓ, மாதா கோயிலா" என்பாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்படியே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்கள். பஸ்ஸில் தனித்தனியாக ஏறிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நிற்கும்.

கடைசியில் ராமசாமி வீடு அமைந்தது. அவர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. பிள்ளைகளோடு ஒத்துவராமல், மனைவி அமிர்தத்தையும் ஒரு பசுமாட்டையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டவர். வீட்டை ஒட்டினாற்போல் ஓடு வேய்ந்த அறை ஒன்று சும்மா கிடந்தது. ஊர்ப் பிணமெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும் என்பதால் குடும்பக்காரர் எவரும் அங்கே குடிவரவில்லை. மேரி வழக்கமான கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். ராமசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார்:

"பொணத்தப் பாத்தா பயப்படுவீங்களா?"

"மாட்டோங்க."

"அப்ப வந்துருங்க. குடக்கூலிய மட்டும் நாள் தள்ளாம குடுத்துருங்க."

அவர் சாதி பார்க்காதவர் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். முதல் சில மாதங்கள் அமிர்தம் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதென்றால் சொம்பை உயரத் தூக்கிக் கையில்தான் ஊற்றுவாள். மாட்டுத்தொழுவத்தைத் தாண்டி வீட்டுக்குள் அவர்கள் போனதில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் மேரி காய்ச்சிய கருவாட்டுக் குழம்பு வாசனை ஓட்டு இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போனது. அமிர்தம் ஒரு கிண்ணத்தோடு வந்து வாசல்படியில் நின்றாள். "அவருக்கு வாய் நமநமன்னுதாம்" என்றாள். அவருக்கா, அவளுக்கா என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கிண்ணம் போவதும் வருவதுமாக இருந்தது. செவ்வந்தியின் அம்மா மலையிலிருந்து தேனும் சாமை அரிசியும் கொடுத்தனுப்பினால் பாதி அந்தப் பக்கம் போகும். அங்கிருந்து சீம்பால் வரும். சொம்பு எப்போது டம்ளராக மாறியது என்பது யாருக்கும் நினைவில்லை.

பறைச் சத்தம் கேட்டால் முதலில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பிறகு பழகிவிட்டது. பரீட்சைக்குப் படிக்கும்போது ஊர்வலம் வந்தால் மேரி அந்த அடிக்குத் தகுந்தாற்போல் சமூகவியல் அறிஞர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி மனப்பாடம் செய்வாள். வாசலில் சிதறிய சாமந்தியையும் பொரியையும் காலையில் இருவரும் மாறிமாறிப் பெருக்குவார்கள். பெருக்கிக்கொண்டே பாடுவார்கள். அந்த மூன்று வருஷம்போல வயிறு வலிக்கச் சிரித்த காலம் பிற்பாடு இருவருக்கும் வரவில்லை. எந்த ஊரில் எந்த வீட்டில் படுத்தாலும், விழிக்கிற நேரத்தில் செவ்வந்திக்கு ஒரு கணம் அந்த ஓட்டு இடுக்கின் வெளிச்சம் கண்ணில் வந்து போகும்.

காலம் ஓடியது. செவ்வந்தி மேலே மேலே படித்து, கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் சமூகவியல் பேராசிரியை ஆனாள். கணவர் சேலத்தில் வேலை; சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து போவார். மேரி பி.எட். முடித்து ஆசிரியை ஆனாள். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அமலைக் கட்டிக்கொண்டு, ஊருக்கு மேற்கே புதிதாக மனை பிரித்த தெருவில் வீடு கட்டினாள். அந்த வீட்டு வாசல் சுவருக்கு நீலநிறத்தில் மாதா படம் போட்ட டைல்ஸை வேளாங்கண்ணிக்குப் போய்த் தேர்ந்தெடுத்தது செவ்வந்தியும் மேரியும்தான். ராமசாமியும் அமிர்தமும் சுடுகாட்டு ரோட்டிலேயே ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டு அறை இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள்.

மாவட்டத் தலைநகரம் ஆனபிறகு ஊர் வீங்கிக்கொண்டே போனது. ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், வக்கீல்கள் வந்தார்கள். ரைஸ் மில்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரம் பானிபூரி விற்கிறவன், "கம்மி காரமா, ஜாஸ்தி காரமா?" என்று இந்த ஊர்க்காரன் மாதிரியே கேட்டான்.

அந்த வருஷம் செவ்வந்திக்கு இனக்குழு உறவுகள் என்று ஒரு பாடம் வந்தது. பாடப்புத்தகத்தில் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் பக்கம் பக்கமாக இருந்தன. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் பின்வரிசை சரத்குமார் எழுந்து, "மேடம், அங்க கறுப்பு வெள்ளன்னு பிரிச்சிக்கினாங்க. இங்கதான் எல்லாரும் ஒரே கலராச்சே, எத வெச்சி இத எழுதறது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. செவ்வந்திக்கும் சிரிப்பு வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, சுடுகாட்டு ரோட்டு வீடு கிடைத்த கதையைச் சொன்னாள். 'ஓ, மலையா' என்று மேரி முகத்தை வைத்துக்கொள்வதை அப்படியே செய்து காட்டினாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்ள வேண்டும். டு-லெட் போர்டு தொங்குகிற ஒரே வீட்டில் முதலில் ஒருவர், கொஞ்சம் பொறுத்து இன்னொருவர் போய் வீடு கேட்க வேண்டும். என்ன பதில் வருகிறது என்று வகுப்பில் வந்து சொல்ல வேண்டும். மரியாதையாகப் பேசணும், யார் வீடு என்று வகுப்பில் சொல்லக்கூடாது என்று செவ்வந்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ராதிகாவும் சுனிதாவும் ஒரு ஜோடி. ராதிகா திருக்கோவிலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சுனிதாவின் அப்பா ஒடிசாக்காரர். ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டுகிறார். சுனிதா சின்னக் குழந்தையாக வந்தவள். இங்கேயே அரசுப் பள்ளியில் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கள்ளக்குறிச்சிப் பெண் பேசுகிறாள் என்றுதான் தோன்றும்.

அவர்கள் முறை வந்தபோது ராதிகாதான் படபடவென்று பேசினாள். "மேடம், ஒரே வூடு. மொதல்ல இவ போனா. பேசி முடிச்சாச்சும்மான்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் நான் போறேன். மேல காலியாத்தான் இருக்கு, வா வந்து பாருன்னு சாவிய எடுத்துக்கினு வராங்க. அவங்களும் டீச்சராம் மேடம். வாசல்ல நீலக் கலர்ல மாதா டைல்ஸ் வேற…"

"போதும் ராதிகா. யார் வீடுன்னு சொல்லக்கூடாதுன்னு சொன்னேன்ல" என்றாள் செவ்வந்தி. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

சுனிதா மெதுவாக எழுந்தாள். "அந்தம்மா கெட்டவங்க இல்ல மேடம். உக்காரச் சொன்னாங்க, தண்ணி குடுத்தாங்க. இன்னா படிக்கிறன்னு கேட்டாங்க. அவ்ளோ நல்லாப் பேசிட்டு இல்லன்னுட்டாங்களேன்னுதான் கஷ்டமாப் போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "இவங்களுக்கெல்லாம் இது பாடம் மேடம். எங்களுக்கு நெஜமாவே வூடு வேணும். மில்லுலயே இருந்தா அம்மாவுக்குத் தவிட்டுத் தூசு ஒத்துக்கல" என்றாள்.

செவ்வந்தி அன்று வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. மேரியைக் கூப்பிடப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வேறு யாராக இருந்தாலும் அதைப் பாடத்தில் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். இது மேரி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்த மேரி. கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில், எதையோ தொலைத்துவிட்டாற்போல ஒரு வெறுமை இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேரி திரும்பியிருப்பாள் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு போனாள். அமல் வெளியே போயிருந்தார். மேரி வாசலிலேயே, "வாடி, இன்னா இவ்ளோ நாளா ஆளையே காணோம்" என்று கையைப் பிடித்தாள். செவ்வந்தி உட்காராமலேயே விஷயத்தைச் சொன்னாள். மேரியின் முகம் சிவந்துவிட்டது.

"அது உன் காலேஜ் புள்ளையா? நீதான் அனுப்பினியா?"

"உன் வூட்டுக்கு வரும்னு எனக்குத் தெரியாது மேரி."

"எனக்கே பரீட்ச வெச்சிட்ட இல்ல? பாஸா பெயிலா, சொல்லிட்டுப் போ."

பரீட்சை என்ற சொல் செவ்வந்திக்குச் சுருக்கென்று தைத்தது. அதில் நியாயம் இருந்தது. மேரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நீ வாடக வூட்ல இருக்க. புடிக்கலைன்னா பெட்டியத் தூக்கிக்கினு போயிருவ. நான் இந்தத் தெருவுல வூடு கட்டியிருக்கேன். நாங்க மன வாங்கறப்பவே, இவங்களுக்கு ஏன் குடுத்தன்னு புரோக்கர்கிட்ட சண்டைக்குப் போனாங்க, தெரியுமா உனக்கு? எதிர்வூட்டம்மா எங்கூட மொகம் குடுத்துப் பேசவே எத்தினி வருஷம் ஆச்சு. இப்பதான் கறிவேப்பில கேட்டு வராங்க, வளகாப்பு, காதுகுத்துன்னு கூப்புடுறாங்க. நான் ஒரு வடக்கத்திக் குடும்பத்தக் கொண்ணாந்து வெச்சி, நாளைக்குத் தெருவுல ஒரு சண்ட, ஒரு திருட்டுன்னு வந்தா, அவங்களையா சொல்வாங்க? என்னத்தான் சொல்வாங்க. 'அவங்க அப்படித்தான், யார வேணா சேத்துக்குவாங்க'ம்பாங்க. அந்த 'அவங்க'ல நான் மறுபடி போயி நிக்கணுமா?"

செவ்வந்தி கீழே தரையில், மேரியின் காலடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓட்டு அறையில் அப்படித்தான் உட்கார்ந்து பேசுவார்கள்.

"இங்க வரும்போது ராமசாமி அய்யாவ நெனச்சிக்கினுதான வந்த?" என்றாள் மேரி.

"ஆமா."

"நானுந்தான் நெனச்சேன். அந்தப் பொண்ணு கேட்டச் சாத்திட்டுப் போச்சு பாரு, அப்பவே. சத்தம் வராம சாத்துச்சு. நாமளும் அப்படித்தான் சாத்துவோம், ஞாபகம் இருக்கா? அடுத்த வாட்டி கேக்க வந்தா கோச்சிக்கக்கூடாதேன்னு."

மேரி எழுந்துபோய்ச் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுச் செவ்வந்தி கிளம்பினாள். நட்பு முறிந்ததா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு நேராகப் போகாமல் சுடுகாட்டு ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். கார் கழுவிய தண்ணீர் வாசலில் வழிந்து ரோட்டோரம் சாமந்தி இதழ்களை அடித்துக்கொண்டு ஓடியது. வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில நாள் கழித்து மேரியிடமிருந்து போன் வந்தது. "அந்தப் பொண்ண, அப்பா அம்மாவக் கூட்டிக்கினு வரச் சொல்லு. நான் வுடுறேன்னு சொல்லல. வந்து பாக்கட்டும். அமல் சரின்னுட்டாரு. நீயும் கூட வா, தனியாப் பேச எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

சுனிதாவின் குடும்பம் வந்தது. அப்பா சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். அம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி பின்னால் வந்தாள். நடுநடுவே நின்று இருமினாள். மேரி மாடியைத் திறந்து காட்டினாள். அப்பா குழாயைத் திருகிப் பார்த்தார், சன்னலைத் தட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாலேயே கீழ்வீட்டைக் காட்டி, மகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். ஒடியா மொழி யாருக்கும் புரியவில்லைதான். ஆனால் அதன் நடுவில் 'ஜாதி' என்ற சொல் தெளிவாக விழுந்தது.

சுனிதாவின் காதுமடல் சிவந்தது. அப்பா மறுபடி கேட்டார். அவள் மேரியைப் பார்த்து, "தண்ணி எந்நேரம் வரும்னு அப்பா கேக்குறாரு டீச்சர்" என்றாள்.

மேரி செவ்வந்தியைப் பார்த்தாள். செவ்வந்தி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேரி கொஞ்சமும் முகம் மாறாமல், "காலைல வரும். நல்ல தண்ணி ஒருநாள் வுட்டு ஒருநாள் வரும். எல்லாருக்கும் ஒரே தொட்டிதான்னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்றாள்.

சுனிதா சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, அப்பா யோசனையோடு தாடையைத் தடவிக்கொண்டார். அதற்குள் அம்மா யாரையும் கேட்காமல் மொட்டைமாடிப் படியேறிவிட்டாள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். மேற்கே வயல்களுக்கு அப்பால் கல்வராயன் மலை நீலமாக, நீளமாகப் படுத்திருந்தது. காற்று சிலுசிலுவென்று வந்தது. அந்த அம்மா மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். இருமல் வரவில்லை. மலையைக் காட்டி மகளிடம் நெடுநேரம் பேசினாள்.

"எங்க ஊர்லயும் வாசல்ல நின்னா இப்படித்தான் மல தெரியுமாம் மேடம். இங்க வந்ததுலருந்து மில்லு செவுத்தத் தவிர ஒண்ணும் பாக்கலியாம்" என்றாள் சுனிதா.

"அது எங்க ஊருதான்னு சொல்லு" என்றாள் செவ்வந்தி. "உங்க ஊர்ப்பக்கம் ஆரம்பிக்கிற மலத்தொடர்தான் அங்கங்க அறுந்து அறுந்து இங்க வரைக்கும் வருது."

சுனிதா அதைச் சொன்னதும் அந்த அம்மா செவ்வந்தியைப் புதிதாகப் பார்த்தாள். கணவர் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதற்கு மறுபேச்சு இல்லை என்பது மொழி தெரியாதவர்களுக்கும் விளங்கியது.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் மேரி கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "நான் என்னவோ பெரிய மனசு பண்ணி வூடு வுடுறேன், அந்தாளு என் சாதியக் கேக்குறாருடி." செவ்வந்திக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அமல் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் உள்ளே போனார்.

தை பிறந்ததும் அவர்கள் குடிவந்தார்கள். எதிர்வீட்டம்மா அதன்பிறகு கறிவேப்பிலை கேட்டு வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை. சுனிதாவின் அப்பா மேரி வீட்டில் டீ கொடுத்தால் இப்போதுதான் குடித்தேன் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. அவள் மட்டும் தாராளமாகக் கீழே வந்து உட்காருகிறாள்.

போன வாரம் மேரி போன் பண்ணினாள். எடுத்ததும் புகார்தான். "கடுகெண்ண வாட தாங்கலடி. காலைலயே ஆரம்பிச்சிடுறாங்க. புடவையெல்லாம் அந்த வாட. நேத்து ஸ்கூல்ல ஒரு டீச்சர் கேக்குறா, இன்னா மேரி, தலைக்கு எண்ண மாத்திட்டியான்னு. நான் இன்னான்னு சொல்றது… இரு இரு, அந்தம்மா கூப்புடுது."

போனை அணைக்காமல் எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். செவ்வந்தி விடைத்தாள்களை நகர்த்திவிட்டுக் காதில் வைத்தபடி இருந்தாள். அங்கே மேரி தமிழில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா ஒடியாவில் ஏதோ சொன்னாள். இடையிடையே "மழ, மழ" என்றும், "தூக்கு, அந்தப் பக்கம் தூக்கு" என்றும் கேட்டது. கொடியில் துணி எடுக்கிறார்கள் போலிருக்கிறது. வாளி ஒன்று உருண்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி சொன்னது மற்றவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை. செவ்வந்தி போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.